கம்பவுண்டர் சொல்லாத பேர்

கம்பவுண்டர் யாரிடமும் "சரியாப் போயிரும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மாஞ்சோலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. காய்ச்சலில் அனத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவோம். கண்ணை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லுவார், மாத்திரையைப் பொட்டலம் கட்டுவார். "சரியாப் போயிருமாய்யா?" என்று தாய்க்காரி கேட்பாள். "எனக்குத் தெரியாதும்மா. மருந்து கொடுத்திருக்கேன். சாயங்காலம் வந்து பாக்கேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. எப்பவாவது கீழேயிருந்து வருகிற டாக்டர்கூட "ஆண்டவன் இருக்கான், பயப்படாத" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இவர் வாயில் அது வராது. "ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாயில இருக்க முத்தா உதிந்திரும்?" என்று லைன் வீட்டுப் பொம்பளைகள் திட்டுவார்கள்.

ஆனால் சாயங்காலம் வந்துவிடுவார். மழையானாலும் வருவார், பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியாமல் போனாலும் வருவார். வாசலில் நின்று காலில் ஏறின அட்டையை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்கு அவர் வராமல் இருந்தது கிடையாது. தன் கையால் செய்ய முடிகிறதை மட்டும்தான் சொல்லுவார். அதுக்கு மேலே ஒரு சொல் கூட்டமாட்டார்.

சாமி இல்லை என்று மைக் பிடித்துப் பேசுகிற ஆளும் இல்லை. கேட்டால்தான் சொல்லுவார். "எனக்கு அங்கன யாரும் இருக்க மாதிரித் தோணல மதினி. இங்கன இருக்கவங்களைத்தான் எனக்குத் தெரியும்." என் வீட்டுக்காரரை அவர் அண்ணாச்சி என்பார், அதனால் நான் மதினி. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயலும் வாழையுமாக இருந்த சைவ வீட்டுப் பிள்ளை. காலையும் மாலையும் தேவாரம் படிக்கிற வீடாம். அதை விட்டுவிட்டு எதுக்கு மலையேறினீர் என்று ஒரு தடவை கேட்டேன். "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பாடி முடிச்சிட்டு வெளிய வந்து, வயல்ல நிக்கவனுக்குத் தண்ணியத் தூக்கி நின்னு கையில ஊத்துவாவ. பாத்துப் பாத்து எனக்குப் பாட்டு மறந்து போச்சு" என்றார். ஊரில் தங்கச்சி ஒருத்தி உண்டு, நாங்குநேரியில் கட்டிக்கொடுத்திருந்தது. போக்குவரத்து இல்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

நான் நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மூணாங்கிளாஸோடு படிப்பு நின்றுபோனது. ஒருத்தர் வாசலில் போய் நின்று ஆழாக்கு அரிசி கேட்டதில்லை, யாரிடமும் தலை குனிந்ததில்லை. இந்த ஆள் விஷயத்தில்தான் என் தலை இரண்டு தடவை குனிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, என் மகள் செல்வி செத்தபோது.

பதினொரு வயசு. நெஞ்சில் நோவு, பிறந்ததிலிருந்தே உண்டு. அந்த மழையில் மரம் சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. கீழேயிருந்து பஸ் வரவில்லை. தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வீட்டுக்காரர் நின்றார். "இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு எறங்குனா பாதி வழிகூடத் தாங்காது அண்ணாச்சி" என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "மாமா, நான் செத்தா சாமிகிட்டப் போவேனா?" என்று கேட்டாள்.

நான் அவருக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். வாயைத் திறக்காமல் கண்ணால் கெஞ்சினேன். ஆமா என்று ஒரு சொல் சொல்லு, உன் தலையா போயிரும் என்று. அவர் என்னைப் பார்த்தார், பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் திரும்பிச் சொன்னார்: "அது எனக்குத் தெரியாது மக்கா. நான் உன் கையைப் பிடிச்சிருக்கேன். விடமாட்டேன்."

மறுநாள் மத்தியானம் உயிர் போகிறவரைக்கும் அந்தக் கையை அவர் விடவும் இல்லை. ஒண்ணுக்குப் போக எழுந்தால்கூட என் கையில் அவள் கையை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்றுதான் மனசில் நின்றது. சாகப் போகிற பிள்ளைக்குச் சொல்லாத பொய்யை வேறு எதுக்கு வைத்திருக்கிறான் இவன்?

நாலு வருஷம் அவரிடம் பேசவில்லை. அவர் தினம் எங்கள் வாசல் வழியாகப் போவார். "மதினி, நல்லாருக்கீயளா?" என்று நின்று கேட்பார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மறுநாளும் வந்து கேட்பார். வீட்டுக்காரர் செத்த அன்றைக்குத்தான் பேசினேன். பாடைக்கு முன்னால் வலது பக்கம் தோள் கொடுத்தது அவர்தான். தூக்கிக்கொண்டு திரும்பும்போது "பைய, கல்லு கெடக்கு" என்றேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் நான் அவரிடம் பேசின பேச்சு அதுதான்.

மலையில் சாவு என்றால் ஒரு சரிவு, ஒரு குழி மேடு, எல்லாருக்கும் அதுதான். சபைக்குப் போகிற வேதக்காரனும் அங்கேதான், சுடலைமாடனைக் கும்பிடுகிறவனும் அங்கேதான். யார் தோள் யார் பாடைக்கு என்று அங்கே எவனும் கேட்டதில்லை. கீழே இறங்கினபிறகுதான் கேட்டார்கள்.

எஸ்டேட்டை மூடி எங்களை இறக்கிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும், அதை நான் சொல்லப்போவதில்லை. டவுனுக்குத் தெக்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களில் கொஞ்சம் பேருக்கு வீடு கிடைத்தது. மிச்சம் பேர் ஆளுக்கொரு ஊராகச் சிதறிப் போனார்கள்.

முதல் வாரம் ஒரு கூத்து நடந்தது. விடியக்காலம் ஐந்தரைக்கு எல்லாருக்கும் முழிப்பு வந்துவிடும். எஸ்டேட்டில் அந்நேரம் மஸ்டர். பேர் கூப்பிட்டு, இன்றைக்கு நீ எந்தக் காடு, நீ எந்தக் காடு என்று ஆளைப் பிரித்து விடுகிற நேரம். பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். அதனால் கீழே வந்த மறுநாளே கிழடு கட்டைகள் எல்லாம் மாடிப்படி இறங்கி வந்து வாசலில் வரிசையாக நின்றுவிட்டோம். அந்த வெக்கையில் சுவெட்டர் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு. எதுக்கு நிற்கிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பால்காரன் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னம்மா, யாரும் மந்திரி வாராங்களா?" என்று கேட்டான். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் போல என்றைக்கும் வந்ததில்லை. திரும்பி மேலே ஏறப்போனேன்.

"நில்லுங்க மதினி" என்றார் கம்பவுண்டர். அவரும் மப்ளரோடு நின்றிருந்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார், மருந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொருத்தர் பேராகக் கூப்பிட்டார். எஸ்டேட்டில் கூப்பிட்ட மாதிரியே. நாங்களும் "இருக்கேன்", "இருக்கேன்" என்று சொன்னோம். முடித்துவிட்டு, "சரி. ஆள் இருக்கு. வேலை என்ன இருக்குன்னு பாப்போம். யாருக்கு என்ன வேணும்?" என்றார்.

அப்படித் தொடங்கினதுதான். பிறகு அது ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று ஆனது. தரைத்தளத்தில் ஒரு ஹால் சும்மா கிடந்தது, அங்கே கூடுவோம். பேரும் மஸ்டர்தான். முதலில் மலையில் செத்தவர்கள் பேரை வாசிப்பார். என் செல்வி பேரும் வரும். சாமியும் இல்லை, ஜெபமும் இல்லை, பேர் மட்டும். அப்புறம் இரண்டே கேள்வி. யாருக்கு என்ன வேணும்? யாரால என்ன முடியும்? ஒருத்தி மகனுக்கு ஆதார் கார்டில் பேர் தப்பு, கூடப் போக ஆள் வேணும் என்பாள். ஒருத்தன் எனக்குக் கையெழுத்து நல்லா வரும், மனு எழுதித் தாரேன் என்பான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருக்க முறை போடுவார். சோறு கொண்டு போக ஒரு முறை. முடிந்ததும் எல்லாருக்கும் பால் விடாத வரத்தேயிலை. வேலை போன ஜனம் நாங்கள், காலையில் எழுந்து எங்கே போக என்று தெரியாத ஜனம். அந்த அட்டையில் நம் பேர் இருக்கிறது, நாளைக்கு நம்மை எதிர்பார்த்து ஒரு கட்டிலில் ஒருத்தி கிடக்கிறாள் என்றால் எழுந்து தலை சீவத் தோணும். எனக்குத் தோணினது. அதை மறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் முறை தப்பினால் அவர் வாய் பொறுக்காது. எஸ்தர் என்று ஒருத்தி, என்னோடு ஒரே காட்டில் கொழுந்து எடுத்தவள், சபையில் பாட்டுப் பாடுகிறவள். மலையாளத்து நாணியம்மைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க அவள் முறை. நாணியம்மை ஒண்டிக்கட்டை, பிள்ளை குட்டி கிடையாது. எஸ்தர் போகவில்லை. கேட்டதுக்கு, "ஜெபத்துல வச்சிருக்கேன் கம்பவுண்டரே, ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்றாள்.

"பாத்துக்கிடுவாரா? ரொம்ப நல்லது. அப்ப அவரை எட்டாம் நம்பர் கட்டிலுக்கு வரச் சொல்லு. பெட்பேன் எடுத்து வைக்கணும், அதையும் சொல்லி விடு" என்றார்.

ஹாலே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் முறைக்கு ஒழுங்காகத்தான் போனாள். ஆனால் அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. அது அவருக்குத் தெரியவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று கண்ணை இழுத்துப் பார்த்துச் சொல்லுவார், மனசு எங்கே புண்பட்டது என்பது அவருக்குப் பிடிபடாது.

இன்னொருத்தன் முருகையா. மலையில் கங்காணி மகன். குடியிருப்புக்குப் பக்கத்தில் அம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பி, சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களையும் கூட்டி ஒரு கொடைத் திருவிழா கொடுத்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சுற்றியிருக்கிற ஊர்க்காரன் எங்களை "மலைக்காரன்" என்றுதான் சொன்னான். என்ன சாதி, என்ன கோயில், எந்தச் சுடுகாடு என்று எல்லாவற்றையும் விசாரித்தான். பொண்ணு கட்ட வருகிறவனும் அதையே கேட்டான். நாங்களும் உங்களைப்போலத்தான் என்று காட்ட முருகையாவுக்கு ஒரு கோயில் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பவுண்டரை எல்லார் முன்னாலேயும் மடக்கினான். "நீரு நல்ல மனுஷந்தான் அண்ணாச்சி. ஆனா சாமி இல்லங்கீரு. நாளைக்கு உமக்கு ஒண்ணுன்னா யாருவே தோள் கொடுப்பா?"

"நீதாம்லே" என்றார்.

"நானா? சாமி பேரச் சொல்லி நீர்மாலைத் தண்ணி எடுத்துக் குளிப்பாட்டாத பொணத்தை நான் தூக்குவனா?"

"தூக்குவ. உங்கப்பனுக்கு மூணு மாசம் மலம் அள்ளுனவன் நான். நீ தூக்குவ."

முருகையா முகம் சுருங்கிவிட்டது. கம்பவுண்டர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "எரிச்சாலும் சரி பொதைச்சாலும் சரி, எனக்குத் தெரியப் போறதில்ல. மந்திரம் வேண்டாம், ஜெபம் வேண்டாம். ஆனா இந்த மஸ்டர்ல இருக்கவங்க தூக்கணும். எல்லாருமாச் சேந்து தூக்கணும். கூலிக்கு வார ஆளு தூக்கப்படாது. அது ஒண்ணுதான் கேக்கேன்."

அவர் யாரிடமும் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அது மட்டும்தான்.

அடுத்த வருஷம் அவருக்கே நுரையீரலில் புற்று வந்துவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கிடக்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். தனக்கு யார் யார் எந்தெந்த நேரம் இருக்க வேண்டும் என்று அவரே அட்டையில் முறை எழுதினார். ஒருத்தர்கூடத் தப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எஸ்தர் கஞ்சி கொண்டு வந்தாள். முருகையா இரண்டு நாளைக்கு ஒருதடவை வந்து முகம் மழித்து விட்டான். நான்கூட நினைத்தேன், இந்த மனுஷன் சொன்னது நடந்துவிட்டதே, சாமி பேர் சொல்லாமலே ஒரு ஊரைக் கட்டிவிட்டானே என்று.

சித்திரை மாசம். காலையில் என் முறை. ஒன்பது மணி இருக்கும், வரத்தேயிலை போட்டு அவருக்கு ஒரு வாய் ஊட்டினேன், எனக்கு ஒரு டம்ளர் வைத்துக்கொண்டேன். "மதினி, முதுகைக் கொஞ்சம் தடவி விடுதீயளா, மூச்சு முட்டுது" என்றார். வேறொரு ஆம்பிளையைத் தொட்டவள் இல்லை நான். தடவினேன். எலும்பு கையில் நெருடியது. கொஞ்ச நேரம் கழித்து, "போதும். தேயிலை ஆறிப் போவுது, குடிங்க" என்றார். டம்ளரை எடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பினால் கண் நிலைகுத்தியிருந்தது.

அவ்வளவுதான். வேறு ஒரு சொல்லும் இல்லை. பயந்த மாதிரியும் இல்லை.

பத்து மணிக்கெல்லாம் வராந்தா முழுக்க ஆள். நாங்குநேரிக்குப் போன் போட்டார்கள். "அவருக்கும் எங்களுக்கும் எப்பவோ தீந்துட்டு" என்று தங்கச்சி வீட்டில் வைத்துவிட்டார்கள். சரி, நாம்தானே எல்லாம் என்று நான் எழுந்து, "ஆகவேண்டியதைப் பாருங்கய்யா" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை.

ஆம்பிளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கீழே வந்து நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆள்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. வெயில் அறைக்குள் வந்துவிட்டது. ஈ வந்துவிட்டது. நான் விசிறியால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஒருத்தன் மெதுவாக, "மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிட்டா அவங்களே ஆளோட வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றான்.

முருகையா உள்ளே வந்தான். அழுதிருக்கிறான், கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் குனிந்து, "பெரியம்ம, ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது. கடைசியில சாமி பேரு எதுவும் சொன்னாவளா?" என்றான்.

"எதுக்குடா கேக்க?"

"சொல்லியிருந்தா நீர்மாலை எடுத்திருவேன். கீழ நிக்கவனுக்கும் பதில் சொல்லிருவேன். நீர்மாலை எடுக்காமத் தூக்குனோம்னா எம்பொண்ணுக்கு இந்த வட்டாரத்துல ஒருத்தன் வரமாட்டான் பெரியம்ம. எனக்குத் தூக்கணும்னுதான் இருக்கு."

அவனுக்குப் பின்னாலேயே எஸ்தர். "யக்கா, ஆண்டவரைக் கூப்பிட்டாரா? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தாக் கூடப் போதும். எங்க ஆள்களும் வருவாங்க."

வாசலில் அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. அந்த மனுஷன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அது என் நாக்கில் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் வண்டிக்காரன் வந்து அவரை ஸ்ட்ரெச்சரில் வாரிக்கொண்டு போவான்.

"சொன்னார்" என்றேன்.

எந்தச் சாமி பேர் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவனவனுக்கு அவனவன் சாமி.

அந்த ஒரு சொல்லுக்கு வராந்தாவே அவிழ்ந்து விட்டது. "எய்யா, எங்க ராசா" என்று பொம்பளைகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். நாலு பேர் வேட்டியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொள்ள, முருகையா குடியிருப்புப் போர் குழாயில் குடத்தைப் பிடித்து நீர்மாலை எடுத்து வந்தான். குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். மாடிப்படியில் நின்று எஸ்தர் ஆள்கள் பாட்டுப் பாடினார்கள். தூக்கும்போது வேதக்காரனும் நின்றான், கோயில்காரனும் நின்றான், தோள் மாற்றி மாற்றி ரோட்டுமுனை வரைக்கும் கூலி ஆள் ஒருத்தன் கை படாமல் போனார். நான் மேலேயிருந்து பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ உன் வாயால் சொல்ல மாட்டாத ஒரு பொய்யை நான் உனக்காகச் சொல்லி உன்னைக் கரை சேர்த்தேன் பார் என்று ஒரு கெருவம்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஸ்டர். அட்டையை நான்தான் கொண்டு போனேன். பேர் வாசிக்க எஸ்தர் மகனிடம் கொடுத்தேன். அவன் பாதி வாசிக்கும்போது முருகையா எழுந்தான்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும். கம்பவுண்டர் அண்ணாச்சி பெரிய மனுஷன். வாழ்நாள் பூரா சாமி இல்லன்னு சொன்னவரு, கடைசியில கூப்பிட்டுட்டாரு. பெரியம்மதான் சாட்சி. அவரே ஒத்துக்கிட்ட பெறவு நாம எதுக்குச் சாமி இல்லாமக் கூடிக்கிட்டு இருக்கோம்? அடுத்த வாரத்துல இருந்து கோயில்ல வச்சுக் கூடுவோம்."

"நாங்க எப்படிக் கோயிலுக்கு வர?" என்றாள் எஸ்தர். "எங்க ஆள்க ஜெப வீட்டுல கூடிக்கிடுவோம். ஆஸ்பத்திரி சோலியெல்லாம் அவங்கவங்க அங்கங்க பாத்துக்கிட வேண்டியதுதான்."

சண்டை இல்லை, சத்தம் இல்லை. பாத்திரம் பிரிக்கிற மாதிரிப் பிரித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாக என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, அந்தப் பேரை விட எனக்கு மனசு வரவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்தே இருந்தேன், இரண்டாவது தடவை அதுதான். அவனவன் எழுந்து போனான். அன்றைக்குப் போட்ட தேயிலையை ஒருத்தரும் குடிக்கவில்லை.

அதுக்கப்புறம் சபைக்காரர்களுக்கு நோவு என்றால் சபைக்காரர்கள் போனார்கள். கோயில்காரர்களுக்குக் கோயில்காரர்கள். நாணியம்மை இரண்டிலும் இல்லை. ஆடியில் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து போனது. நான் எஸ்தரிடம் போனேன், "அவ நம்ம சபை இல்லயேக்கா" என்றாள். முருகையாவிடம் போனேன், "கொடை வருது பெரியம்ம, முடியட்டும்" என்றான். நான் ஒருத்தியே இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். போகும்போதெல்லாம், "மஸ்டர் எப்ப? என் பேரைக் கூப்பிட்டா ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லு" என்பாள். நானும் தலையாட்டுவேன். ஒரு வாரம் எனக்கே காய்ச்சல், போகவில்லை. எழுந்து போனால் கட்டிலில் வேறு ஆள் கிடக்கிறாள். நாணியம்மை செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கேட்க யாரும் வராததால் அவர்களே எடுத்து அடக்கம் பண்ணியிருந்தார்கள். எங்கே என்று விசாரித்தேன். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தெரியவில்லை.

கம்பவுண்டருக்கு வருஷம் திரும்பியது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து ஹாலில் அவர் படத்தை வைத்தார்கள். படத்தில் திருநீற்றுப் பட்டை, முன்னால் மெழுகுவர்த்தி. மலையிலிருந்து இறங்கிச் சிதறிப் போனவர்கள்கூட நிறையப் பேர் வந்திருந்தார்கள். என்னை நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்து, "அந்தப் பேரைக் காதால கேட்டவங்க, ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று முருகையா மைக்கை நீட்டினான்.

நான் சொன்னேன். "அவர் ஒரு பேரும் சொல்லல. நான் பொய் சொன்னேன். முதுகைத் தடவச் சொன்னார். தேயிலை ஆறுது குடிங்கன்னார். செத்துப் போனார். அவரைத் தூக்காமப் போட்டுருவீங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். அவர் சாமியக் கூப்பிடல."

எஸ்தர் வந்து என் தோளை அணைத்துக்கொண்டாள், அழுதாள். "யக்காவுக்கு மனசு ஒடஞ்சு போச்சு. நாணியம்ம போனதுல இருந்து இப்படித்தான் ஒண்ணுகெடக்க ஒண்ணு பேசுதாவ" என்றாள்.

"நான் தெளிவாத்தாம்ட்டி இருக்கேன்."

"இருக்கீயக்கா, இருக்கீய. ஆண்டவர் மன்னிப்பார்."

முருகையா மைக்கை என் கையிலிருந்து பைய வாங்கினான். "வயசான காலம். தப்பா எடுத்துக்கிட வேண்டாம். அன்னைக்கு இவங்க முகத்தப் பாத்தவன் நான். பொய் சொல்லுத முகமா அது? இவங்க வாழ்க்கையில ஒரு பொய் சொன்னது உண்டா? சொல்லுங்க" என்றான். கூட்டத்தில் எல்லாரும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்கள்.

அப்புறம் பொம்பளைகள் வரிசையாக வந்தார்கள். கம்பவுண்டர் வாயால் சாமி பேர் வந்ததைக் கேட்ட புண்ணியவதி என்று ஒவ்வொருத்தியாகக் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வேண்டாம்ட்டி, வேண்டாம் என்றேன். மூட்டு மடங்காது, காலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. வரிசை வாசலுக்கு வெளியேயும் நின்றது.